அம்மைக் கொட்டகையின் செங்கல் சுவர்

என் வலது கண் எப்படிப் போயிற்று என்று கேட்கிறவர்களுக்கு இனிமேல் வாயால் பதில் சொல்லப்போவதில்லை. கேட்டவர்களில் இரண்டு பேரை ஏற்கெனவே அடித்துவிட்டேன். ஒருவன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் மாணிக்கம், ஒரு கண்ண ஊர்லயே விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டியா?" என்று சிரித்தான். கையிலிருந்த கோப்பை அவன் முகத்துக்குப் போய்விட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி மட்டுதான், அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை.

அதனால் எழுதி வைக்கிறேன். செந்தூல் ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குச் சாயம் பூசி, பக்கவாட்டில் எண்ணும் எழுத்தும் எழுதுவது என் வேலை. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வருகிற நாடகக் கம்பெனிகளுக்குத் திரையும் எழுதிக் கொடுப்பேன். காடு, தர்பார், தெரு, சுடுகாடு, எது கேட்டாலும் எழுதுவேன். அம்மை கண்ட வீட்டில் யாராவது இதைப் படித்தால் உதவலாம். உதவாவிட்டால் என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

முதலில் வந்தது எனக்கல்ல, என் மகள் பொன்னிக்கு. ஏழு வயது. இரண்டொரு நாள் காய்ச்சலில் அனத்தினாள், பிறகு முகத்தில் முத்துப் போட்டது. எங்களில் அதை நோய் என்று சொல்லமாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வந்தவளை மரியாதையாக வைத்திருந்து அனுப்ப வேண்டும். வாசலில் வேப்பிலை செருகினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று என் மனைவி செல்லம்மா கதவுக்கு உள்பக்கம் செருகினாள். வீட்டில் தாளிப்பு இல்லை, நான் சவரம் செய்துகொள்ளவில்லை. செல்லம்மாவுக்குச் சின்ன வயதிலேயே ஆத்தா வந்து போனதால் முகமெல்லாம் தழும்பு. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுமுறை வராது. அவளே பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள்.

டாக்டருக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கு வெளியே, ஈயம் தோண்டிய குட்டைகளைத் தாண்டி இருக்கிற அம்மைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்து, பட்டறைக் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் யாரும் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் வீரையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் லைனில் கடைசி வீட்டுக்காரன், பட்டறையில் சம்மட்டி அடிப்பவன். அவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரு நாள் குழாயடியில் பொன்னியைப் பார்த்து, "ஏ ஒன்றரைக்கண்ணி, தள்ளி நில்லு" என்றான். என் மகளுக்கு மாறுகண் கிடையாது. கொஞ்சம் ஓரமாகப் பார்ப்பாள், அவ்வளவுதான். சாய டப்பாவாலேயே அவன் வாயில் அடித்தேன். முன்பல் ஒன்று போயிற்று. அவன் என் விலா எலும்பை உடைத்தான். அதற்குப் பிறகு ஒருவர் நிழல் இன்னொருவர் மேல் பட்டால்கூடக் காறித் துப்புவோம்.

அந்த வீரையன் பட்டறை வாசலில் காய்ச்சலோடு சுருண்டு விழுந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் முத்து. அன்று பொழுது சாய்வதற்குள் சுகாதார ஆட்களும் மாத்தா-மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீசாரும் எங்கள் லைனை வளைத்துக்கொண்டார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். நாங்கள் திறக்கவில்லை.

"உள்ள ஆள் இருக்கு. தொறக்கலைன்னா ஒடைப்போம்!"

"ஒடைச்சுப் பாருடா!" என்றேன்.

உடைத்தார்கள். கதவு என் நெற்றியில் விழுந்தது. செல்லம்மா உலக்கையை எடுத்துச் சுழற்றினாள், முதலில் நுழைந்தவன் தோள் இறங்கியது. நான் ஒருவன் கையைக் கடித்தேன். நான்கு பேர் என்னைத் தரையில் போட்டு முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தபோது ஐந்தாமவன் பொன்னியைப் போர்வையோடு சுருட்டித் தூக்கினான். வெளியே படுதா கட்டிய மாட்டு வண்டி நின்றது. உள்ளே வீரையன் கிடந்தான். அவன் பக்கத்தில் என் பிள்ளையைப் போட்டுக்கொண்டு போனார்கள். அவள் அழுதாளா என்றுகூட எனக்குத் தெரியாது. என் காது அப்போது தரையில் இருந்தது.

மறுநாள் கொட்டகை வாசலில் போய் நின்றோம். முள்கம்பி வேலி, அதற்குள் ஒரு காவல்காரன்.

"அந்தச் சின்னப் பிள்ளையா? ராத்திரியே முடிஞ்சிருச்சு. பொதைச்சாச்சு."

"யாரக் கேட்டுடா பொதைச்சீங்க?"

"யாரக் கேக்கணும்? சுண்ணாம்பு போட்டு ஒடனே பொதைக்கணும். அதான் சட்டம்."

செல்லம்மா மண்ணில் விழுந்து தலையை மோதிக்கொண்டாள். நான் வேலியில் ஏறினேன். கம்பி இரண்டு உள்ளங்கையையும் கிழித்தது. மறுபக்கம் குதிப்பதற்குள் தடியால் முழங்காலில் போட்டார்கள். பிள்ளை முகத்தைக்கூடக் காட்டவில்லை. பாவிகள், இன்று நினைத்தாலும் பல் நறநறக்கிறது.

பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை. சில நாளில் எனக்கு இடுப்பு வலி. சாதாரண வலி இல்லை, முதுகெலும்பை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி. பிறகு காய்ச்சல், வாந்தி. காய்ச்சல் குறைந்தது என்று மூச்சு விட்டால் நெற்றியில் முத்துப் புறப்பட்டது. நானே நடந்து கொட்டகைக்குப் போனேன். செல்லம்மா வேண்டாம் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எம் பொண்ணு அங்கதான இருக்கா, நான் எங்க போறது?" என்று உதறிவிட்டுப் போனேன்.

இந்த நோய் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் சிவப்புத் தடிப்பு. பிறகு அது உருண்டு நீர் கோக்கும். நீர் சீழாகும், அந்தச் சமயத்தில் முகம் வீங்கி, சொந்தத் தாய்க்கே அடையாளம் தெரியாது. நாற்றம் சொல்லி முடியாது. ஈ மொய்க்கும், ஓட்டக் கை எழும்பாது. பிழைத்தவனுக்குச் சீழ் வற்றிப் பொருக்காகும். கடைசிப் பொருக்கு உதிரும்வரை வெளியே விடமாட்டார்கள், ஏனென்றால் அந்தப் பொருக்கில்தான் அடுத்தவனுக்கு ஒட்டுகிற விஷம் இருக்கிறது. தொண்டைக்குள்ளும் முத்து வரும். கண்ணுக்குள்ளும் வரும்.

கொட்டகை அத்தாப்பு ஓலை வேய்ந்தது, மூன்று பக்கம் பலகை. நான்காவது பக்கம் மட்டும் செங்கல் சுவர், பழைய சுண்ணாம்பு அடித்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் துணிகளை வேகவைக்கிற அடுப்பு இருந்தது. என்னைச் சுவரோரக் கட்டிலில் போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அடுத்த கட்டிலில் வீரையன், உடம்பெல்லாம் பொருக்கு, குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறான். என் பிள்ளை போய்விட்டாள், இவன் இருக்கிறான்! அவன் பட்டறை வாசலில் விழாமல் இருந்திருந்தால் யார் எங்கள் கதவை உடைத்திருப்பார்கள்?

எழுந்து அவன் கழுத்தைப் பிடித்தேன். என் விரலிலிருந்த கொப்புளங்கள் உடைந்து அவன் கழுத்தில் வழிந்தன. நான் விடவில்லை. அவன் கண் பிதுங்கியது. அவன் முழங்காலால் என் வயிற்றில் விட்ட உதையில் இருவரும் மலச்சட்டியின் மேல் விழுந்து உருண்டோம். வார்டில் வேலை பார்க்கும் பக்கிரி ஓடிவந்து எங்கள் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டிப் பிரித்தான். டிரசர் என்பவர் டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கட்டுகிறவர். எங்கள் டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். "சாகப்போற நேரத்திலயும் சண்டையோ? கட்டிப் போடடா ரெண்டு பேரையும்" என்றார். கிழிந்த படுக்கைத் துணியால் கையையும் காலையும் கட்டிலோடு கட்டினார்கள்.

கட்டுண்டு கிடந்தபோதுதான் அந்தப் பயம் வந்தது. சாவைப் பற்றிய பயமில்லை. பொன்னியின் முகம் எனக்கு வரவில்லை. அவள் உட்காரும் வாசற்படி வருகிறது, பாவாடையின் கிழிசல் வருகிறது, கால் கொலுசில் ஒரு மணி இல்லாதது வருகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வீட்டில் அவளை ஒரு படம் எடுத்து வைத்தோமா என்றால் அதுவும் இல்லை. ஊரார் நாடகத்துக்கெல்லாம் திரை எழுதியவன், பெற்ற பிள்ளையை ஒரு கோடு போட்டு வைக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் டிரசர் என் இமையைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வலக் கண்ணில கருவிழிக்கு மேல புண் விழுந்திட்டுது. இது தப்பாது. இடக் கண்ணிலயும் சிவப்பு ஏறுது. கசக்கினீரோ, அதுவும் போகும்."

"எத்தனை நாள் இருக்கு?"

"ஆருக்குத் தெரியும், காணும்? இருக்குமட்டும் இருக்கும்."

கண் இருக்கிறவரைதான் கை. கை இருக்கிறவரைதான் பொன்னி. அவ்வளவுதான் என் கணக்கு. கட்டை அவிழ்த்துவிட்ட உடனே பக்கிரியைப் பிடித்துக் கொண்டேன். அடுப்பிலிருந்து கரித்துண்டு கொண்டுவரச் சொன்னேன். "படுக்கறத விட்டுட்டு என்னண்ணே இது?" என்றான். கொண்டுவராவிட்டால் கழுத்தைக் கடிப்பேன் என்றேன். கொண்டுவந்தான்.

முகம் வராதபோது முகத்திலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் வீட்டை எழுதினேன். எங்கள் லைன் வீட்டுக் கதவை அதன் முழு உயரத்துக்கு எழுதினேன், அவர்கள் உடைப்பதற்கு முன் இருந்தபடியே. கதவில் உளுத்த இடம், தாழ்ப்பாள், பக்கத்தில் துணிக்கொடி, தூரத்தில் தண்டவாளம் வளைந்து போவது. நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்குப் படியில் விழும் நிழலையும் எழுதினேன். கொட்டகையில் காலை எது மாலை எது என்று யாருக்கும் தெரியாது, காய்ச்சல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிவிடும். அந்தச் சுவரில் மட்டும் எப்போதும் நான் வீடு திரும்புகிற நேரம். நிற்க முடியாமல் கட்டிலில் மண்டியிட்டு எழுதினேன். கைக்கொப்புளம் உடைந்து கரியோடு சீழும் சுவரில் இழுபட்டது. நானே துடைத்துத் துடைத்து எழுதினேன்.

என் தொழிலைப் பற்றி நான் பெருமை பேசுவதில்லை. ஆனால் அந்தக் கதவு கதவாகவே இருந்தது. அதனால்தான் அந்தக் கேடு நடந்தது. கிள்ளான் பக்கத்துத் துறைமுகக் கூலி கருப்பையா என்று ஒருவன், காய்ச்சல் வெறியில் இருந்தவன், திடீரென்று கட்டிலிலிருந்து எழுந்தான்.

"கதவு தொறந்திருக்குடா! நான் வீட்டுக்குப் போறேன்! நீங்க கெடங்கடா, நான் போறேன்!"

யாரும் பிடிப்பதற்குள் தலையைக் குனிந்துகொண்டு நான் எழுதிய கதவுக்குள் ஓடினான். செங்கல்லில் மண்டை மோதிய சத்தத்தை நான் இன்னும் கேட்கிறேன். விழுந்தவன் எழுந்தான், மறுபடி ஓடினான், மறுபடி மோதினான். மூன்றாம் முறை எழவில்லை. கதவின் நடுவிலிருந்து கீழ்ப்படிவரை அவன் ரத்தம் வழிந்தது.

கொட்டகையே என்மேல் பாய்ந்தது. "கொலைகாரப் பாவி, அழிடா அத!" என்று ஒருவன் கஞ்சிக் கிண்ணத்தை எறிந்தான், காதைக் கிழித்தது. நான் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். கிட்டே வந்தவன் முகத்தில் அறைந்தேன், அவன் முகத்திலும் கொப்புளம், என் கையிலும் கொப்புளம், இரண்டு பேரும் அலறினோம். டிரசர் வந்து சுவரைப் பார்த்தார், கருப்பையாவைப் பார்த்தார்.

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எண்டு சொல்லுவினம். நீர் என்னடா எண்டால் உடம்பை அழிச்சுச் சித்திரம் கீறுறீர். சுண்ணாம்பு முடிஞ்சு போச்சு. வரட்டும், வந்த அண்டைக்கே அடிச்சு அழிச்சுப் போடுறன்."

ஆக ஒரு பக்கம் கண் போகிறது, இன்னொரு பக்கம் சுண்ணாம்பு வருகிறது. நடுவில் முகமில்லாத என் பிள்ளை படியில் உட்கார்ந்திருக்கிறாள். உடம்பை எழுதிவிட்டேன், பாவாடை, கொலுசு எல்லாம் எழுதிவிட்டேன். முகத்துக்கு ஒரு வட்டம் போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டேன்.

"நெத்தி அம்புட்டு அகலமில்ல."

வீரையன்தான்.

"உன்னைக் கேட்டனாடா நாயே?"

"கேக்கல. ஆனா நெத்தி அம்புட்டு அகலமில்ல. புருவத்துக்கு மேல ரெண்டு வெரல் வெச்சா முடி வந்துரும்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"வெச்சுப் பாத்தேன்டா! வண்டியில எம் மடியிலதான் கெடந்தா. படுதாவுக்குள்ள இருட்டு, பயந்து போயிட்டா. எங்க அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே வந்தா. சூடு எம்புட்டு இருக்குன்னு நெத்தியில கைய வெச்சேன். மாமா, கைய எடுக்காத, ஜில்லுன்னு இருக்குன்னா. எனக்கே ஒடம்பு கொதிக்குது, என் கை அவளுக்கு ஜில்லுன்னு இருந்துச்சாம். போய்ச் சேர்ற வரைக்கும் எடுக்கல."

நான் அவன்மேல் பாயவில்லை. கட்டிலில் குப்புற விழுந்து மெத்தையைக் கடித்துக்கொண்டு அழுதேன். என் பிள்ளை கடைசியாக மாமா என்று கூப்பிட்டது இந்தப் பயலையா! அது ஆறுதலா வயிற்றெரிச்சலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அழுது முடித்ததும் எழுந்தேன். "மேல சொல்லுடா" என்றேன். அவன் சொன்னான், நான் எழுதினேன். தாடையில் விழுந்த வடு, மேல்வரிசையில் பாதி முளைத்த பல், இடக் காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி. ஒவ்வொன்றாக அவன் சொல்லச் சொல்ல எனக்கும் திரும்பி வந்தது. கடைசியில் கண்ணுக்கு வந்தோம்.

"கண்ணப் போடு" என்றான்.

"கண்ணக் கடைசியிலதான் தொறக்கணும். வெள்ளிக்கிழமை தொறக்கிறேன்."

எங்கள் பழக்கம் அது. சாமித் திரை எழுதினாலும் கண்ணை மட்டும் நிறுத்திவைத்து நல்ல நாளில்தான் திறப்போம். கண் திறந்தால்தான் உருவுக்கு உயிர். அது சாமி இல்லை, என் பிள்ளைதான், ஆனாலும் எனக்குக் கை வரவில்லை. கரியால் திறக்கவும் மனமில்லை. செல்லம்மா பொன்னிக்கு வைக்கிற கண்மை, விளக்கெண்ணெய் விளக்கில் சட்டியைக் கவிழ்த்து எடுத்து விளக்கெண்ணெயிலேயே குழைப்பது, அதுதான் வேண்டும் என்று வேலிக்கருகில் போய்க் கத்தினேன். செல்லம்மா தினமும் அங்கே வந்து நிற்பாள். கொட்டகைக்குள்ளிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது, உள்ளே வரலாம். கஞ்சியும் இளநீரும் வைத்துவிட்டுப் போவாள். என் வீங்கிய முகத்தைப் பார்த்து ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, "நல்லா ஆயிட்டீங்க, நேத்தைக்கு இன்னிக்குத் தேவலாம்" என்று பச்சைப் பொய் சொல்லுவாள்.

"ஏங்க! மை கொண்டாந்திருக்கேன்! பெரிசா தொறங்க, எம் புள்ள நல்லா பாக்கட்டும்!" என்று கத்தினாள். சின்னக் கொட்டாங்குச்சியில் மை வந்தது.

வீரையன் அதை வாங்கி முகர்ந்து பார்த்தான். "எப்படிப் போடப் போற? உன் நாடகத்து ராணிக்குப் போடற மாதிரி மீனு கண்ணா? அவளுக்கு ஒன்றரைக்..."

துப்புகிற பாத்திரத்தை அவன் மண்டையில் எறிந்தேன். அவன் அதையே எடுத்து என்னை அடித்தான். மறுபடி கட்டிப்போட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. வலது கண்ணுக்குள் ஆணி அடிக்கிற வலி. டிரசர் கண்பாப்பாவை விரிய வைக்கிற சொட்டு மருந்து விட்டு, இரண்டையும் பஞ்சு வைத்துக் கட்டினார். ஒன்றை மட்டும் கட்டினால் மற்றது அசையும்போது இதுவும் அசையுமாம், அதனால் இரண்டும். கட்டை நான் பிய்த்து எறிந்தேன். பிடித்து மறுபடி கட்டினார்கள். மறுபடி பிய்த்தேன். இம்முறை கையையும் கட்டிலோடு கட்டிவிட்டு டிரசர் என் காதருகில் குனிந்தார்.

"இடக் கண்ணைக் காப்பாத்தலாம். நீர் விட்டால்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் முந்தியிருக்கலாம். நாள் பார்த்தேன், கிழமை பார்த்தேன், மை பார்த்தேன். என் பிள்ளை கண்ணில்லாமல் சுவரில் உட்கார்ந்திருக்க, நான் கண்ணில்லாமல் அவளுக்குக் கீழே கிடந்தேன். வாயில் வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் சொல்லி ஆத்தாவைத் திட்டினேன். கொட்டகையில் யாரும் என்னை அடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீரையன் என் கட்டிலில் ஏறினான். அவன் கால் என் தொடையை அழுத்தியது. கொட்டாங்குச்சி சுவரில் உரசும் சத்தம் கேட்டது.

"என்னடா பண்றே?"

"கண்ணத் தொறக்கறேன்."

"யாரக் கேட்டுடா? உனக்குக் கோடு போடத் தெரியுமா? சம்மட்டி புடிக்கிற கையடா அது! தொடாதடா!"

கட்டிய கையோடு துள்ளினேன். எட்டி உதைத்ததில் அவன் கீழே விழுந்தான். மறுபடி ஏறினான். மறுபடி உதைத்தேன், மறுபடி ஏறினான். "ஒதைச்சுக்க. சுண்ணாம்பு நாளைக்கி வருதாம். நீ எழுந்திரிக்கிற வரைக்கும் அது காத்திருக்காது" என்றான். நான் உதைப்பதை நிறுத்தினேன். அவன் மூச்சு வாங்குவது மட்டும் வெகுநேரம் கேட்டது. விரலாலேயே எழுதினானாம்.

"எப்படி வெச்சே?" என்று கேட்டேன்.

"அவ எப்படிப் பாத்தாளோ அப்படி."



சுண்ணாம்பு சொன்ன நாளில் வரவில்லை. வந்த நாளில்தான் என் கட்டையும் அவிழ்த்தார்கள். பெரிய டாக்டர் துரை பார்வையிட வருகிறார் என்று கொட்டகை முழுவதும் வெள்ளையடிக்கச் சொல்லி உத்தரவு. டிரசர் என்னை வெளித் தாழ்வாரத்தில் உட்காரவைத்துப் பஞ்சை எடுத்தார். வலது கண்ணில் இருட்டு. இடது கண்ணில் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது, பிறகு டிரசரின் மீசை தெரிந்தது.

"ஒண்டு தப்பீட்டுது" என்றார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதே நேரம் உள்ளேயிருந்து வீரையனின் கத்தல். "மாணிக்கம்! ஓடியா! அடிச்சுட்டான்! காயறதுக்குள்ள ஓடியாடா!"

ஓடினேன். பக்கிரி சுவர் முழுவதும் ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, அடித்து முடித்திருந்தான். சாயத் தொழில் செய்கிறவனுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுண்ணாம்புப் பால் ஈரமாக இருக்கும்வரை அடியில் இருப்பதைக் காட்டும். காயக் காயத்தான் வெளுத்து மூடும். சுவர் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. கதவு தெரிந்தது, படி தெரிந்தது, படியில் என் பிள்ளை தெரிந்தாள்.

பக்கிரி இரண்டாம் கை அடிக்கச் சுண்ணாம்பு மட்டையைத் தூக்கினான். வீரையன் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான், இன்னோர் ஆள் பின்னாலிருந்து வீரையன் கழுத்தில் கை போட்டான், வாளி உருண்டது. உதிராத பொருக்கெல்லாம் பிய்ந்து ரத்தம் வழிய வீரையன் பக்கிரிக்குக் குறுக்கே நின்றான்.

"நீ இங்க பாக்காத! சுவரப் பாருடா!" என்று கத்தினான்.

பார்த்தேன். அவன் வைத்த கண்களைப் பார்த்தேன். கோணல் மாணலான, தடித்த கண்கள். வலது கண் நேராக என்னைப் பார்த்தது. இடது கண் மூக்கைப் பார்த்து உள்ளே திரும்பியிருந்தது. நான் திறந்திருந்தால் இரண்டையும் பெரிதாக, நேராக, அழகாகத் திறந்திருப்பேன். வேறு யாரோ ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள். இது பொன்னி. பட்டறையிலிருந்து நான் திரும்பும்போது படியில் உட்கார்ந்து, வருவது அப்பாதானா என்று ஒரு கண்ணால் என்னையும் ஒரு கண்ணால் எங்கேயோவும் பார்க்கிற பொன்னி. முகம் முழுதாக வந்துவிட்டது. குரலும் சேர்ந்து வந்தது.

சுவர் காய ஆரம்பித்தது. துணிக்கொடி போயிற்று. தண்டவாளம் போயிற்று. கருப்பையாவின் ரத்தக்கறை வெளிறி மறைந்தது. கதவு, படி, நிழல், கொலுசு, பாதி முளைத்த பல், எல்லாம் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போயின. கண்கள் போகவில்லை.

பக்கிரி கையை விடுவித்துக்கொண்டு அந்த இடத்தில் மட்டும் இரண்டாம் கை அடித்தான். நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். காய்ந்தது. கண்கள் மறுபடி மேலே வந்தன. மூன்றாம் கை அடித்தான். மறுபடி வந்தன. மட்டையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அழிய மாட்டேங்குது டிரசர் ஐயா!"

"எண்ணெய் மையடா அது. எண்ணெய்க்கு மேல சுண்ணாம்பு பிடிக்குமோ? சுரண்டு."

"நான் தொட மாட்டேன். நீங்க வேணா சுரண்டுங்க."

டிரசர் சுவருக்கு அருகில் போனார். அந்தக் கண்களைப் பார்த்தார். பிறகு பெரிய டாக்டர் துரைக்கு வேறு கொட்டகையைக் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வீரையன் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். முன்பல் போன சந்து தெரியச் சிரித்தான்.

"பாத்தியாடா? ஒன்றரைக்கண்ணு."

கை தானாக ஓங்கியது. ஓங்கிய கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாண்டா!" என்று கத்தினேன். வேலிக்கு அப்பால் கஞ்சியோடு நிற்கிற செல்லம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, தொண்டை கிழியக் கத்தினேன். "எம் பொண்ணு ஒன்றரைக்கண்ணுதாண்டா!"